மூன்றாம் அலையில் நம் பிள்ளைகள்

(நம் குடியிருப்போர் நலச் சங்கம் 2022 ஜனவரி 23, ஞாயிறு மாலை காணொளி வழியாக நடத்திய கூட்டத்தில், ‘பி’ பிளாக்கில் வசிக்கும் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளித் தலைமையாசிரியை ஆற்றிய உரை. உறுப்பினர்கள் பலர் எழுத்தில் கேட்டதால் இங்கே வெளியிடுகிறோம். பிப்ரவரி 1 முதல் பள்ளிகள் திறந்துவிட்டாலும் அவர் எழுப்பிய கேள்விகள் அப்படியேதான் இருக்கின்றன.)



இன்று ஞாயிறு முழு ஊரடங்கு. எங்கும் போக முடியாது என்பதால்தான் இத்தனை பேர் கூட்டத்துக்கு வந்திருக்கிறார்கள் என்று செயலாளர் சிரித்துக்கொண்டே சொன்னார். எப்படி வந்தால் என்ன, வந்தீர்களே, மகிழ்ச்சி. நோயைப் பற்றிப் பேச நம் குடியிருப்பிலேயே மருத்துவர்கள் இருக்கிறார்கள். நான் வகுப்பறையில் நின்றே காலம் கழித்தவள். எனக்குத் தெரிந்தது பிள்ளைகள்தான். அதை மட்டும் பேசுகிறேன்.

கிறிஸ்துமஸ் சமயத்தில் தமிழ்நாட்டில் ஒரு நாள் தொற்று ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. நேற்று முப்பதாயிரத்தைத் தாண்டிவிட்டது. சென்ற ஆண்டு மே 21-ஆம் தேதி 36,184 என்று ஒரு எண் வந்ததே, அந்த உயரத்தை நெருங்கிக்கொண்டிருக்கிறோம். இந்த முறை ஆக்சிஜனுக்கு அலையும் நிலை வரவில்லை. தடுப்பூசி நம்மைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. ஆனால் பள்ளிகள் மறுபடியும் பூட்டிக் கிடக்கின்றன. முதலில் ஒன்று முதல் எட்டு வரை நேரடி வகுப்பு இல்லை என்றார்கள். பிறகு ஒன்பதாம் வகுப்பையும் சேர்த்தார்கள். பொங்கல் முடிந்ததும் பத்து, பதினொன்று, பன்னிரண்டுக்கும் 31-ஆம் தேதி வரை விடுமுறை. 19-ஆம் தேதி தொடங்க வேண்டிய திருப்புதல் தேர்வும் தள்ளிப்போயிற்று.

இந்தப் பூட்டுதலைத் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு அலையிலும் முதலில் பூட்டப்படுவது பிள்ளைகளின் இடம், கடைசியில் திறக்கப்படுவதும் பிள்ளைகளின் இடம். அரசு அளவில் அதற்குக் காரணங்கள் இருக்கலாம். நம் வீட்டிலும் நம் வளாகத்திலும் அதே வரிசையைக் கடைப்பிடிக்க வேண்டுமா என்பதுதான் இன்று நான் உங்கள் முன் வைக்கும் கேள்வி.

இரண்டாம் வகுப்புக் குழந்தையின் கணக்கு

உங்கள் பிளாக்கில் இரண்டாம் வகுப்புப் படிக்கும் குழந்தை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச் நடுவில் பள்ளிகள் மூடியபோது அது யு.கே.ஜி. ஒன்றாம் வகுப்பு முழுவதும் வீட்டில். இரண்டாம் வகுப்பின் முதல் பாதியும் வீட்டில். நவம்பர் 1-ஆம் தேதி பள்ளி திறந்தது. நாலாம் தேதி தீபாவளி. தீபாவளி முடிந்த கையோடு சென்னையில் மழை கொட்டி, பல நாள் பள்ளி இல்லை. பிறகும் பல பள்ளிகளில் ஒருநாள் விட்டு ஒருநாள் வகுப்பு. டிசம்பர் முடிந்ததும் திரும்ப மூடியாயிற்று. ஏழு வயதுக் குழந்தை இதுவரை எத்தனை நாள் வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் என்ன பெரிய பாடம் என்று நினைக்கலாம். எழுத்துக் கூட்டிப் படிப்பது அந்த இரண்டு வருடத்தில்தான் வருகிறது. அதற்குப் பிறகு எல்லாப் பாடத்தையும் படித்துத்தான் கற்க வேண்டும். அந்த வாசல் திறக்காவிட்டால் கணக்கும் வராது, அறிவியலும் வராது. பெரிய வகுப்புப் பிள்ளை தவறவிட்ட பாடத்தைத் திரும்ப நடத்திவிடலாம். வாசிப்பு வராத பிள்ளையோ ஐந்தாம் வகுப்பு வரை யாருக்கும் தெரியாமல் தப்பித்துக்கொண்டே போகும்.

இன்றிரவு ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்த பாடம் வேண்டாம், மனப்பாடமாகச் சொல்லிவிடும். புதிய கதைப் புத்தகம் ஒன்றில் பாதிப் பக்கத்தை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். படத்தைக் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துச் சொல்கிறதா, கொம்பையும் காலையும் விட்டுவிடுகிறதா, ஒரு வரி முடிந்ததும் அடுத்த வரியைத் தேடுகிறதா என்று கவனியுங்கள். திட்டாதீர்கள். குறை இருந்தால் நாளை முதல் தினமும் பதினைந்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் ஒரு வரி, பிள்ளை ஒரு வரி என்று மாறி மாறிப் படியுங்கள். தமிழில் ஒரு நாள், ஆங்கிலத்தில் ஒரு நாள். இரண்டு மாதத்தில் வித்தியாசம் தெரியும். இதற்கு ட்யூஷன் வேண்டாம், செயலி வேண்டாம். தாத்தா பாட்டி இருக்கும் வீடுகளில் இது இன்னும் சுலபம்.

அந்தப் பக்கம் ஆசிரியர்கள்

பள்ளிகளும் திணறிக்கொண்டுதான் இருக்கின்றன. திரையில் நாற்பது கட்டம். பாதிக் கட்டத்தில் முகம் இல்லை, பெயர் மட்டும். இன்னும் சில கட்டங்களில் பிள்ளையின் கண் ஓரமாகத் திரும்பித் திரும்பி வரும். கேமராவுக்கு வெளியே அம்மாவோ தாத்தாவோ உட்கார்ந்து பதில் எடுத்துக்கொடுக்கிறார்கள் என்று ஆசிரியருக்குத் தெரியும், சொல்ல முடியாது. உங்களைக் கேட்டுக்கொள்கிறேன், பதிலை எடுத்துக்கொடுக்காதீர்கள். பிள்ளைக்கு எது தெரியவில்லை என்பது ஆசிரியருக்குத் தெரிந்தால்தான் அவர் அதைத் திரும்ப நடத்துவார். நீங்கள் சொல்லும் சரியான பதில் அந்த வாய்ப்பைக் கெடுத்துவிடுகிறது.

அரசுப் பள்ளிகளின் கதை வேறு. என் பழைய சகாக்களுடன் தினமும் பேசுகிறேன். கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கியது. கொரோனாவுக்கு முந்தைய திட்டம். பள்ளி மூடியதும் அதுவே பல வீடுகளுக்கு வகுப்பறை ஆயிற்று. பாடப்புத்தகத்தில் இருக்கும் க்யூஆர் கட்டத்தைப் படம் பிடித்தால் வீடியோ பாடம் வரும். ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் போன் அப்பாவின் சட்டைப்பையில் அல்லவா இருக்கிறது? அப்பா வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு வந்தால்தான் வாட்ஸ்அப்பில் வந்த வீட்டுப்பாடத்தைப் பிள்ளை பார்க்க முடியும். வீட்டில் மூன்று பிள்ளைகள் என்றால் மூத்ததற்கே முதல் உரிமை. பத்தாம் வகுப்பு அல்லவா. சின்னதுக்கு முறை வருவதற்குள் தூங்கிப்போகும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு தெருத்தெருவாகப் போய் மரத்தடியிலும் கோயில் திண்ணையிலும் பாடம் நடத்திய ஆசிரியர்கள் உண்டு. சத்துணவு நின்ற காலத்தில் அரிசி, பருப்பு, முட்டையை வாங்கிப் போக வரும் பெற்றோரிடம், பிள்ளை என்ன செய்கிறான் என்று விசாரித்து வைத்துக்கொண்டவர்களும் உண்டு. சில பிள்ளைகள் கடையில் வேலைக்குப் போய்விட்டதும், சில பெண் பிள்ளைகளுக்குக் கல்யாணப் பேச்சு நடப்பதும் அப்படித்தான் தெரியவந்தது. தனியார் பள்ளி ஆசிரியர்கள் பலர் குறைந்த சம்பளத்தில், சொந்தப் போனில், சொந்த டேட்டாவில் வகுப்பு எடுத்தார்கள். கட்டணத்தைப் பற்றிப் பள்ளியோடு சண்டை இருந்தால் நிர்வாகத்திடம் போடுங்கள். வகுப்பு எடுக்கும் டீச்சரின் குழுவில் போடாதீர்கள்.

இதுவரை பொதுத் தேர்வே எழுதாத பன்னிரண்டாம் வகுப்பு

நம் வளாகத்தில் மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இவர்கள் பத்தாம் வகுப்பு எழுத வேண்டிய 2020-இல் தேர்வு ரத்து. பிளஸ் ஒன்னிலும் தேர்வில்லாமலே தேர்ச்சி. ஆக, வாழ்க்கையின் முதல் பொதுத் தேர்வே இவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில்தான் வரப்போகிறது. மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து கை வலிக்க எழுதிய பழக்கம் இல்லை. சி.பி.எஸ்.இ. பிள்ளைகளும் சென்ற நவம்பர், டிசம்பரில் எழுதிய முதல் பருவத் தேர்வில் ஓ.எம்.ஆர். தாளில் வட்டத்தைக் கறுப்பாக்கியதுதான்.

“இந்த வருஷமும் ரத்து ஆகிவிடும்” என்ற பேச்சைப் பிள்ளைகள் முன்னால் பேசாதீர்கள். சென்ற ஆண்டு பிளஸ் டூ தேர்வு ரத்தானபோது என்ன நடந்தது? பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணுக்கு 50 சதவீதம், பிளஸ் ஒன்னுக்கு 20, பிளஸ் டூ செய்முறை, அகமதிப்பீட்டுக்கு 30 என்று கணக்குப் போட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் கையில் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு மதிப்பெண்ணாவது இருந்தது. இவர்களிடம் அதுவும் இல்லை. எனவே தேர்வு நடக்கும் என்றே வைத்துக்கொண்டு, வாரம் ஒரு முழுத் தாள், கடிகாரம் வைத்து, பேனாவால், எழுத வையுங்கள். திருத்த ஆள் இல்லையென்றால் என்னிடம் அனுப்புங்கள். தமிழும் சமூக அறிவியலும் நான் திருத்தித் தருகிறேன். மற்ற பாடங்களுக்கு நம்மிடையே பொறியாளர்களுக்கா பஞ்சம்?

15 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு இம்மாதம் 3-ஆம் தேதி தடுப்பூசி தொடங்கிவிட்டது. 2007-இலோ அதற்கு முன்போ பிறந்த பிள்ளை என்றால் போடலாம். கோவாக்சின்; 28 நாள் கழித்து இரண்டாவது தவணை. மூன்றாம் தேதியே போட்டவர்களுக்கு இம்மாதக் கடைசியில் நாள் வருகிறது, மறந்துவிடாதீர்கள். அறுபது தாண்டி, இணை நோய் உள்ளவர்களுக்கு, இரண்டாம் தவணை முடிந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தால், முன்னெச்சரிக்கைத் தவணையும் உண்டு. வீட்டுச் சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் தடுப்பூசி வரவில்லை. அவர்களைச் சுற்றியிருக்கும் பெரியவர்கள் போட்டுக்கொள்வதுதான் இப்போதைக்கு அவர்களுக்குப் பாதுகாப்பு.

சொல்லாமல் விட்ட பயம்

சென்ற மே மாதத்தில் நம் வளாகத்திலேயே சிலரை இழந்தோம். அப்போது பெரியவர்கள் அழுதோம், போனில் பேசினோம், சடங்கு செய்தோம். குழந்தைகளை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டோம். ஆம்புலன்ஸில் ஏறிய தாத்தா திரும்பி வரவில்லை. எங்கே போனார் என்று யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. இப்போது வீட்டில் யாராவது இருமினால் கதவருகே வந்து நிற்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பொய் சொல்லாதீர்கள். “தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார்” என்று சொன்னால் பிள்ளை காத்திருக்கும். செத்துப்போனார் என்பதை அதற்குப் புரியும் வார்த்தையில் சொல்லுங்கள். அழுதால் கூடவே அழுங்கள். இந்தத் தடவை வீட்டில் யாருக்காவது தொற்று வந்தால் எத்தனை நாள் தனி அறை என்பதைக் காலண்டரில் வட்டம் போட்டுக் காட்டுங்கள். இப்போதைய விதிப்படி, லேசான தொற்று என்றால் பரிசோதனை முடிவு வந்து ஏழு நாள். கடைசி மூன்று நாள் காய்ச்சல் இருக்கக் கூடாது. எண்ணி முடிக்கக்கூடிய நாள் என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

தூக்கம் கெடுவது, படுக்கையை நனைப்பது, நன்றாகச் சாப்பிட்ட பிள்ளை தட்டைத் தள்ளுவது, பெரிய பிள்ளை அறைக்கதவைப் பூட்டிக்கொள்வது, இவை வாரக்கணக்கில் நீடித்தால் அடம் என்று தள்ளிவிடாதீர்கள். நம் மாநிலத்தின் 104 எண்ணில் மனநல ஆலோசனை கிடைக்கும். படிப்பு, தேர்வு பற்றிய குழப்பத்துக்குப் பள்ளிக்கல்வித் துறையின் 14417. எந்தக் குழந்தைக்காவது ஆபத்து என்று சந்தேகம் வந்தால் 1098. மூன்றையும் குளிர்பதனப் பெட்டி மேல் ஒட்டிவையுங்கள்.

நம் கேட்டுக்குள் வரும் மற்ற பிள்ளைகள்

நம் வீடுகளில் வேலை செய்யும் பெண்கள், வாசலில் நிற்கும் செக்யூரிட்டி, இஸ்திரி வண்டிக்காரர், தோட்டக்காரர், இவர்கள் எல்லாருக்கும் பிள்ளைகள் உண்டு. முதல் ஊரடங்கில் வேலைக்கு வராத மாதங்களுக்கும் சம்பளம் கொடுத்த வீடுகள் நம்மிடையே பல. அதை நான் மறக்கவில்லை. ஆனால் அவர்களுடைய பிள்ளை எந்த வகுப்பு, எந்தப் பள்ளி, வாசிக்கத் தெரிகிறதா என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

என் வீட்டுக்கு வரும் பெண்ணின் மகன் ஆறாம் வகுப்பு. பொங்கல் விடுமுறையில் அம்மாவோடு வந்தான். ஒரு பக்கம் படிக்கச் சொன்னேன். எழுத்துக் கூட்டுவதற்குள் வியர்த்துவிட்டது. “நாலாம் கிளாஸ்ல நல்லா படிப்பேன் டீச்சர்” என்றான். பொய் சொல்லவில்லை. நான்காம் வகுப்பு முடியும்போதுதான் பள்ளி மூடியது. பயன்படுத்தாத கத்தி துருப்பிடிப்பதைப் போல, படித்ததும் மறந்துபோகிறது.

சென்ற அக்டோபரில் மரக்காணத்தில் முதலமைச்சர் தொடங்கிவைத்த ‘இல்லம் தேடிக் கல்வி’ இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகத்தான். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை, மாலையில் ஒன்றரை மணி நேரம், வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு தன்னார்வலர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் தொடக்க வகுப்புகளுக்கும், பட்டம் பெற்றவர்கள் ஆறு முதல் எட்டு வரைக்கும் சொல்லித்தரலாம். உங்கள் வீட்டுக்கு வரும் அம்மாவிடம் அவர்கள் தெருவில் இந்த வகுப்பு உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் பக்கத்து அரசுப் பள்ளித் தலைமையாசிரியரிடம் பேசலாம், நானும் கூட வருகிறேன். நம் கல்லூரி மாணவர்கள் தன்னார்வலராகப் பதிவு செய்யலாம்.

இன்னொரு செய்தி. கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைக்கு 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை, ஒருவரை இழந்த குழந்தைக்கு 3 லட்சம் என்று மாநில அரசின் உதவி இருக்கிறது. தகுதி விவரங்களை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேட்கலாம். இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் நிவாரணமும் உண்டு. விண்ணப்பிக்கத் தெரியாமல் இருப்பவர்கள் நம் கேட்டைத் தாண்டித்தான் தினமும் வந்துபோகிறார்கள். ஆவணங்களை ஸ்கேன் செய்து படிவம் நிரப்ப நமக்கு அரை மணி நேரம் போதும்.

சங்கத்துக்கு என் கோரிக்கைகள்

இப்போது சங்கத்தை நோக்கிப் பேசுகிறேன். செயற்குழுவில் எல்லாரும் ஊதியமில்லாமல் உழைப்பவர்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டாம் அலையில் ஆக்சிஜன் செறிவூட்டிக்கு அலைந்தவர்களும் இவர்கள்தான். அந்த உரிமையில்தான் கேட்கிறேன்.

இம்மாதத் தொடக்கத்தில் வந்த சுற்றறிக்கையில் விளையாட்டுத் திடலும் நூலகமும் மூடப்பட்டன. பார்ட்டி ஹால் திறந்திருந்தது. இம்மாதம் அங்கே இரண்டு விழாக்கள் நடந்தன. குளிர்சாதனம் ஓடும் மூடிய அறையில் முகக்கவசம் இல்லாமல் சாப்பிடுவதைவிட, திறந்த வெளியில் நாலு பிள்ளைகள் ஓடுவதில் தொற்று பரவும் வாய்ப்பு குறைவு. இதை இரண்டு வருடமாக மருத்துவர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். மூட வேண்டியதை மூடுவோம். வரிசையை மட்டும் மாற்றுவோம்.

ஒன்று: அலை தணியும்வரை ஹாலில் விழாக்கள் வேண்டாம். திடலைப் பிளாக் வாரியாக முக்கால் மணி நேரம் பிரித்துத் திறந்துவிடுங்கள். ஒரு நேரத்தில் எட்டுப் பிள்ளைகள், கூட ஒரு பெரியவர். அறிகுறி உள்ள வீட்டுப் பிள்ளை வரக் கூடாது. ஐந்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தைகளுக்கு முகக்கவசம் தேவையில்லை என்று மூன்று நாளைக்கு முன் மத்திய சுகாதார அமைச்சகம் சொல்லியிருக்கிறது. ஆறு முதல் பதினொன்று வரை பெரியவர் மேற்பார்வையில் போடலாம். பன்னிரண்டுக்கு மேல் நம்மைப் போலத்தான்.

இரண்டு: நூலக அறையின் ஜன்னல்களைத் திறந்துவைத்து, பொதுத் தேர்வு எழுதும் பிள்ளைகள் நாலைந்து பேர் இடைவெளி விட்டு உட்கார்ந்து முழுத் தாள் எழுத வாரம் இருமுறை அனுமதி கொடுங்கள். வீட்டில் மிக்ஸி சத்தம் இல்லாத மூன்று மணி நேரம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

மூன்று: பழைய ஸ்மார்ட்போன்களைச் சேகரியுங்கள். ஒவ்வொரு வீட்டு அலமாரியிலும் ஒன்றாவது தூங்குகிறது. சரிபார்த்து, ரீசார்ஜ் செய்து, நம் வளாகத்தில் வேலை செய்பவர்களின் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். தொற்று இறங்கத் தொடங்கியதும், விருந்தினர் கார் நிறுத்தும் இடத்தில் மாலை ஐந்து முதல் ஆறரை வரை ஒரு வாசிப்பு வகுப்பு. நம் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்காரட்டும். வாரம் மூன்று நாள் நான் வருகிறேன். மற்ற நாள்களுக்கு இரண்டு பேர் பெயர் கொடுத்தால் போதும்.

நான்கு: தனிமையில் இருக்கும் வீட்டில் குழந்தை இருந்தால், சாப்பாட்டுப் பையோடு ஒரு கதைப் புத்தகமும் கதவில் தொங்கட்டும். மாலையில் அதே வயதுப் பிள்ளை ஒன்று வீடியோவில் அழைத்துப் பேசட்டும்.

கடைசியாக, நம் வாட்ஸ்அப் குழுவைப் பற்றி ஒரு வார்த்தை. வராந்தாவில் சைக்கிள் ஓட்டுகிறார்கள், பந்து சுவரில் படுகிறது, சத்தம் தாங்கவில்லை என்று வாரத்துக்கு நாலு புகார் வருகிறது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களின் சிரமம் நியாயமானது. அதனால் காலை பத்து முதல் ஒன்று வரை அமைதி நேரம் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகளிடம் நானே சொல்கிறேன், கேட்பார்கள். மாலை ஐந்துக்கு மேல் சத்தம் வந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சத்தம் பள்ளி மைதானத்தில் கேட்க வேண்டியது.

நாளை காலை முதல் பெயர் கொடுக்கலாம். நோட்டு, செக்யூரிட்டி மேஜையில் இருக்கும்.